கண்ணாடிப் பொட்டு

கல் அடித்த கண்ணாடியை ரகுபதியிடம் காட்டினால் போதும், அடித்தது நேற்றா, போன வாரமா, போன தீபாவளிக்கா என்று சொல்லிவிடுவான். ஈசூன் தொழிற்பேட்டையில் ஒரு கார் பட்டறையின் முன்மூலையை எடுத்துக்கொண்டு பதினாறு வருடமாக அவன் செய்வது அந்த ஒரு வேலைதான். விண்ட்ஸ்கிரீனில் விழுந்த சின்னக் கல்லடிகளைப் பசை ஏற்றி மூடுவது. மிளகு அளவு, பச்சைப்பயறு அளவு, மிஞ்சிப்போனால் ஐம்பது காசு அகலம். அதற்கு மேல் கோடு ஓடிவிட்டால் தொடமாட்டான். "கண்ணாடிய மாத்திடுங்க சார், என்னை ஆள விடுங்க" என்று கும்பிட்டு அனுப்பிவிடுவான்.

புதிதாகப் பட்ட அடி உள்ளே பளபளவென்று இருக்கும். நாளாக ஆக மழைத் தண்ணீர், லாரிப் புகை, கார் கழுவும் சோப்பு என்று ஒவ்வொன்றாக உள்ளே போய்க் குடியேறிவிடும். அதை லென்ஸில் பார்த்துத்தான் வயதைச் சொல்வான். "கண்ணாடி பொய் சொல்லாது" என்று நாளைக்கு நாலு முறை சொல்லுவான். பக்கத்து டயர்க்கடைக்காரர்கள் அவனைக் கண்டாலே அதைச் சொல்லித்தான் கிண்டல் செய்வார்கள். லென்ஸ் வைக்காமல், விரல் நகத்தால் தடவிப் பார்க்காமல் வாயைத் திறக்கக்கூடாது என்பது அவனே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். அந்தச் சட்டத்தை ஒரே ஒரு தடவை மீறினான். கோவிந்தராசுவுக்காக மீறினான்.

கோவிந்தராசுவும் அவனும் கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையில் ஒரே பிளட்டூன். ஒரே தகரக் குவளையில் மைலோ குடித்தவர்கள். கோவிந்தராசுவுக்கு இப்போது மூன்று வேன்கள். ஈசூன், செம்பவாங் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போய் இறக்குகிற தொழில். முகப்பில் அவன் பெயர் இருந்தாலும் கடிவாளம் அவன் மனைவி நாகம்மா கையில். எந்தப் பிள்ளைக்கு ஆஸ்துமா, எந்தப் பிள்ளையை அப்பாவிடம் விடலாம், எதைப் பாட்டியிடம் மட்டும்தான் விட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். முதல் வேனைப் பூசை போடாமல் அவசரத்துக்கு எடுத்து ஓட்டி, மூன்றாம் நாளே கோவிந்தராசு கால் எலும்பை முறித்துக்கொண்டான். அன்றிலிருந்து, பூசைக்கு முன்னால் சக்கரம் கோயிலுக்குப் போவதற்குத் தவிர வேறெதற்கும் உருளக்கூடாது என்பது நாகம்மாவின் கட்டளை. அதில் அவளிடம் பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது வேன் வந்தபோது, அதற்கு டிரைவர் வேண்டும் என்றதும் சுந்தரத்தைக் கொண்டுபோய் நிறுத்தியது ரகுபதிதான். சுந்தரத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. ஜூரோங் கப்பல் பட்டறை ஆட்களை இருபது வருடம் பஸ்ஸில் ஏற்றி இறக்கியவர். செம்பவாங்கில் ரகுபதியின் பழைய பக்கத்து வீட்டுக்காரர். வண்டிக்குள் ஏறினால் முதலில் கண்ணாடிகளைத் துடைத்துவிட்டுத்தான் சாவியைப் போடுவார். "அண்ணனை நம்பிப் பிள்ளைங்கள ஏத்தலாம்" என்று நாகம்மாவிடம் ரகுபதி சொன்னான். அவளும் அந்த வார்த்தைக்காகத்தான் எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை தேக்காவில் பூசை. கோயில் வாசலில் ஐந்தாறு வண்டிகள் வரிசையில் நின்றன. குருக்கள் ஆரத்தி காட்டி, முன்பக்கம் சந்தனம் வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். சுந்தரம் கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோவிந்தராசு ஒரு கை சந்தனத்தை எடுத்துக் கண்ணாடியின் இடது ஓரத்தில் தானே அப்பிவிட்டு ரகுபதியைக் கூப்பிட்டான்.

"டேய், கண்ணாடிக்காரன் நீ. கண்ணாடிப் பொட்டு நீதான் வைக்கணும். வா."

ரகுபதி குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு நடுக்கண்ணாடிக்குக் கையைக் கொண்டுபோனான். கோவிந்தராசு அவன் மணிக்கட்டைப் பிடித்து இடது பக்கம் நகர்த்தினான்.

"அங்க வச்சா டிரைவர் கண்ண மறைக்கும்டா. இந்தச் சந்தனத்து மேலயே வை. நல்லா அழுத்தி வை."

நியாயமான பேச்சுத்தானே. ரகுபதி அழுத்தி வைத்தான். நாகம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள். நாலு சக்கரத்தின் எலுமிச்சம்பழமும் நசுங்க, சுந்தரம் வண்டியை மெல்ல நகர்த்தினார். எல்லாருமாகப் போய் வாழை இலையில் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

சனியும் ஞாயிறும் வேன் அடுக்குமாடிக் கார்நிறுத்தத்தில் கூரைக்கடியில் கிடந்தது. திங்கட்கிழமை காலை முதல் ஓட்டம். மத்தியானம் அடித்த மழையில் பொட்டு கரைந்து ஓடியது. சாயங்காலம் வண்டியைப் பார்க்க இறங்கிவந்த நாகம்மா, பொட்டு இருந்த இடத்தில் பச்சைப்பயறு அளவுக்கு ஒரு கல்லடியைப் பார்த்துவிட்டாள். சுற்றிலும் மயிரிழை விரிசலாக மூன்று கால் விட்டிருந்தது.

சுந்தரம் தனக்குத் தெரியாது என்றார். எந்தக் கல்லும் படவில்லை, சத்தமே கேட்கவில்லை என்றார். நாகம்மாவுக்குக் கண்ணாடியைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. மறைக்கிறாரே என்பதுதான் அவளைச் சுட்டது. முதல் நாளே கல் பட்டதை மறைக்கிற ஆள், நாளைக்கு ஒரு பிள்ளை விழுந்து அடிபட்டால் சொல்வாரா? "ரகு அண்ணன் பாத்துச் சொல்லட்டும், அவரு சொன்னா சரி" என்றாள்.

ரகுபதியின் தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. ஃபிளாஷ் போட்டு எடுத்த படம். கல்லடி வெள்ளையாக எரிந்தது. பின்னாலேயே கோவிந்தராசு கூப்பிட்டான்.

"இன்னிக்குப் பட்டதுதானடா? நாகம்மா ரொம்ப டென்ஷனா இருக்கா. சும்மா பாத்துச் சொல்லு லா."

"புதுசு மாதிரிதான் தெரியுது."

"ரெண்டு நாளுக்கு மேல இருக்குமா?"

"இருக்காதுன்னு நினைக்கிறேன். ஒரு டேப் ஒட்டி வை, தண்ணி இறங்காம. நேரம் கிடைக்கறப்ப கொண்டா, மூடித் தர்றேன்."

'நினைக்கிறேன்' என்ற சொல் நாகம்மாவிடம் போய்ச் சேருவதற்குள் எங்கோ விழுந்துவிட்டது. அடி இரண்டு நாளுக்குள் பட்டது. இரண்டு நாளாக வண்டி நகரவே இல்லை. ஆகவே திங்கட்கிழமை ஓட்டியவர்தான். கணக்கு கச்சிதமாக முடிந்துவிட்டது. மறுநாள் காலை சுந்தரத்திடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

அன்றைக்கே சுந்தரம் ரகுபதியைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "ரகு, சத்தியமா என் ஓட்டத்துல எதுவும் படல. வண்டி அவங்க புளோக்குக் கீழதான் நிக்குது. உன் பட்டறையிலேர்ந்து பத்து நிமிஷ நடை. நேர்ல வந்து ஒரு தடவ பாரு. அது போதும் எனக்கு."

ரகுபதிக்கு அன்று மூன்று வண்டி வேலை. அதோடு, தான் கொண்டுவந்து விட்ட ஆள் இப்படிச் செய்துவிட்டாரே என்கிற எரிச்சல் வேறு. "அண்ணே, கண்ணாடி பொய் சொல்லாது" என்றான். எதிர்முனையில் சுந்தரம் தொலைபேசியை வைத்துவிட்டார்.

மூன்று வாரம் ஓடியது. கொண்டுவா, கொண்டுவா என்று ரகுபதி கேட்டபோதெல்லாம் கோவிந்தராசுவுக்கு ஏதாவது வேலை வந்துகொண்டிருந்தது. கடைசியில், விரிசல் ஓடிவிடப் போகிறது என்று நாகம்மா பிடரியைப் பிடித்துத் தள்ளியதால்தான் ஒரு சனிக்கிழமை காலை வேனோடு வந்து நின்றான். கையில் பிளாஸ்டிக் பையில் இரண்டு கோப்பி.

"இதக் கழட்டித் தொடச்சி எல்லாம் நேரத்த வீணாக்காத. சும்மா பசைய ஊத்தி மூடிடு. பத்து மணிக்கு எனக்கு ஆள் வருது" என்றான்.

"எனக்கு வேல சொல்லித்தர்றியா? போய்க் கோப்பியக் குடி."

வண்டியை நிழலில் விட்டு, கண்ணாடியின் சூடு இறங்கும்வரை ரகுபதி காத்திருந்தான். பிறகு டேப்பை மெதுவாக உரித்தான். நகத்தால் தடவினான். லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்தான்.

உள்ளே சிவப்பாக இருந்தது.

துரு என்றுதான் முதலில் நினைத்தான். லாரியிலிருந்து பறக்கிற இரும்புத் தூள் சில சமயம் இப்படி இருக்கும். சிறு டார்ச்சை உள்பக்கமிருந்து அடித்துப் பார்த்தான். நடுக்குழியில் மஞ்சளாக ஏதோ உறைந்திருந்தது. அதிலிருந்து மூன்று காலிலும் நுனிவரை சிவப்பு இறங்கிக் காய்ந்திருந்தது. ஊசியால் குழியில் ஒரு சுரண்டு சுரண்டி, அதை மூக்கருகில் கொண்டுபோனான். பதினாறு வருடத்தில் கண்ணாடிக் காயத்திலிருந்து புகை நாற்றம் வந்திருக்கிறது, சோப்பு வாசம் வந்திருக்கிறது. சந்தனம் மணந்தது அன்றைக்குத்தான்.

அவன் நிமிரவில்லை. லென்ஸில் கண்ணை வைத்தபடியே இருந்தான். வெள்ளிக்கிழமையும் கோயில் வாசலும் மணிக்கட்டைப் பிடித்த கையும் ஒவ்வொன்றாக வந்து நின்றன. நல்லா அழுத்தி வை.

"என்னடா அவ்வளவு நேரம் பாக்குற?" என்றான் கோவிந்தராசு.

"உள்ள குங்குமம் இருக்கு."

கோவிந்தராசு கோப்பியை உறிஞ்சுவதை நிறுத்தினான். அப்புறம் சிரித்தான். "பொட்டு இருந்த எடம்லா. அந்த எடத்துலயே கல்லு பட்டிருக்கும். தூள் உள்ள போயிருக்கும்."

சமாளிக்க நல்ல பதில்தான். அந்நியன் யாராவது சொல்லியிருந்தால் ரகுபதி ஒருவேளை யோசித்திருப்பான். அழுத்தி வைத்த ஈரக் குங்குமம்தான் விரிசல் கால்களின் நுனிவரை இறங்கும் என்று அவன் வாதாடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான்.

"அன்னிக்கு எதுக்குடா என் கையப் புடிச்ச?"

பிளட்டூனில் சார்ஜண்டுக்கே கதை விட்ட கோவிந்தராசு, பக்கத்திலிருந்த டயர் அடுக்கின் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு தணிந்த குரலில் சொல்ல ஆரம்பித்தான். வேன் வந்தது வியாழக்கிழமை. ஜூரோங்கில் அவனுடைய பழைய முதலாளி இருக்கிறார். ஒரு காலத்தில் இவனை ஆள் முன்னால் நிற்கவைத்துத் திட்டியவர். அவர் வாசலில் புது வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திக் காட்ட வேண்டும் என்று ஆசை. நாகம்மா வெளியே போயிருந்த நேரத்தில் எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வருகையில் விரைவுச்சாலையில் மணல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டான். 'டக்'கென்று ஒரு சத்தம்.

"பூசைக்கு முன்னாடி எடுத்தேன்னு தெரிஞ்சா அவ வீட்டுல குடியிருக்க விடுவாளா? நீயே சொல்லு. ரெண்டு நாள் கழிச்சு உங்கிட்ட ரகசியமாக் கொண்டாந்து மூடிக்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள மழை வந்துருச்சு."

"சுந்தரண்ணன்?"

"அவ அந்த ஆளு மேல பாய்வான்னு நான் நினைக்கல. ஆரம்பிச்சாச்சு, அப்புறம் எப்படிடா நிறுத்துறது?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லடா."

"உங்கிட்ட சொன்னா நீ சொல்லிடுவ."

ரகுபதியைக் குத்தியது அந்த வாக்கியம்தான். முப்பது வருட சிநேகிதன் அவனை நன்றாகப் புரிந்துதான் வைத்திருக்கிறான். இவன் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று தெரிந்திருக்கிறது. இவன் சொன்னால் ஊர் நம்பும் என்றும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் உண்மையை இவனிடமிருந்து மறைத்து, இவன் வாயை மட்டும் எடுத்து உபயோகப்படுத்திக்கொண்டான். விரலையும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டான். ஏமாற்றுவதற்கு எத்தனையோ வழி இருக்க, சாமி முன்னால் வைக்கச் சொன்ன பொட்டுத்தானா கிடைத்தது இவனுக்கு? ரகுபதி கையில் இருந்த ஊசியைக் கீழே வைத்தான்.

"கழுவிடுடா" என்றான் கோவிந்தராசு. "உங்கிட்ட அந்த மருந்துத் தண்ணி இருக்குல்ல. சுத்தமாக் கழுவிட்டுப் பசைய ஏத்திடு. சுந்தரத்துக்கு நான் வேற எடத்துல வேல பாத்துத் தர்றேன். சத்தியமா."

கழுவலாம். கரைப்பானை ஒரு சொட்டு விட்டு உறிஞ்சியை வைத்து இழுத்தால் இரண்டு நிமிடத்தில் குங்குமமும் போய்விடும், வியாழக்கிழமையும் போய்விடும். அதற்கப்புறம் இந்தக் கண்ணாடி யாரிடமும் எதுவும் சொல்லாது.

ரகுபதி தொலைபேசியை எடுத்து, லென்ஸை அதன் கண்ணோடு ஒட்டி வைத்து ஒரு படம் எடுத்தான். நாகம்மாவுக்கு அனுப்பினான். பிறகு, கோவிந்தராசு பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குரல் செய்தியாகவும் சொல்லி அனுப்பினான்.

"நாகம்மா, அன்னிக்கு நான் லென்ஸ் வச்சுப் பாக்காம சொல்லிட்டேன். அது என் தப்பு. இப்பதான் பாத்தேன். உள்ள சந்தனமும் குங்குமமும் இருக்கு. பூசைக்கு முன்னாடியே பட்ட கல்லு. சுந்தரண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல. மிச்சத்த உன் வீட்டுக்காரன்கிட்ட கேளு."

"டேய்!" என்று கோவிந்தராசு ஓடிவந்து கையைப் பிடித்தான். மறுபடியும் அதே மணிக்கட்டு. ரகுபதி அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டான்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கோவிந்தராசுவின் சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது. எடுக்கவில்லை. நின்று மறுபடி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

ரகுபதி தாங்கியைக் கண்ணாடியில் பொருத்தினான். குழாயை அடியின் நேர்மேலே நிறுத்தி, திருகை மெல்ல இறக்கினான். கழுவவில்லை. குங்குமத்தின் மேலேயே பசையை ஏற்றினான். கால்களுக்குள் பசை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்; விரிசலின் வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன, சிவப்பு மட்டும் மறையவில்லை. நீல விளக்கைப் பிடித்து இறுகவைத்து, பிளேடால் வழித்து, துணியால் துடைத்தான். கண்ணாடி நகத்துக்குத் தட்டுப்படாமல் வழவழவென்று ஆகிவிட்டது. உள்ளே பச்சைப்பயறு அளவில் ஒரு சிவப்பு. இனி எந்த மழையிலும் அது கரையாது. அவன் கையிலிருந்து இப்படி ஒரு அலங்கோலமான வேலை இதுவரை வெளியே போனதில்லை.

"விரிசல் ஓடாது. எடுத்துட்டுப் போ" என்றான். "காசு வேண்டாம். இனிமே இங்க வராத."

மத்தியானமே கடையை அடைத்துவிட்டுச் செம்பவாங் போனான். வழியெல்லாம் கோவிந்தராசுவை மனதுக்குள் வைதுகொண்டே போனான். சுந்தரத்திடம் முதலில் என்ன சொல்வது என்று ஒத்திகையும் பார்த்துக்கொண்டான். அண்ணே, அந்த நாய் நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டாண்ணே. அப்படி ஆரம்பித்தால் சரியாக இருக்கும் என்று பட்டது.

அவருடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்துக் கல் மேசையில் சுந்தரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு உணவங்காடியின் பெயர் போட்ட சட்டை மடித்து வைத்திருந்தது. தட்டு எடுக்கிற வேலை கிடைத்திருக்கிறது போலிருக்கிறது. ரகுபதியைப் பார்த்தவர் எழுந்திருக்கவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

"நாகம்மா கூப்புட்டுச்சு" என்றார். "எல்லாம் சொல்லுச்சு. அழுதுச்சு. திங்கக்கிழமையிலேர்ந்து வரச் சொல்லுச்சு."

ரகுபதிக்கு அப்பாடா என்று இருந்தது. "நல்லதாப் போச்சுண்ணே. நான் அப்பவே அவன..."

"வரலன்னு சொல்லிட்டேன்."

"ஏண்ணே? தப்பு செஞ்சவன் கோவிந்தராசு. நாகம்மா பாவம். பிள்ளைங்க வேற..."

சுந்தரம் மடித்த சட்டையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ரகுபதிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"கோவிந்தராசு எனக்கு யாரு, ரகு? மொதலாளி. பொண்டாட்டிக்குப் பயந்து ஒரு பொய் சொன்னான். அத நான் ஒரு வாரத்துல மறந்துடுவேன். உன்னத்தான் நான் கூப்புட்டேன். பத்து நிமிஷம் நடந்து வந்து பாருன்னு கேட்டேன். கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்கண்ணே."

"இருபது வருஷம் பக்கத்து வீடு. நான் பொய் சொல்லி நீ பாத்திருக்கியா?"

ரகுபதி இல்லையென்று தலையாட்டினான். காலையிலிருந்து கோவிந்தராசு தனக்குச் செய்ததை நினைத்து நினைத்துக் கொதித்துக்கொண்டிருந்தான். தான் ஏமாந்தவன் என்றேதான் இவ்வளவு தூரம் வந்திருந்தான். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தானும் கோவிந்தராசுவும் ஒரே ஆளாகத்தான் தெரிவோம் என்பது இந்தக் கல் மேசைக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"மன்னிச்சிடுங்கண்ணே."

"பூசை அன்னிக்கு நீ பொட்டு வைக்கறப்ப நான்தான் கற்பூரத் தட்டப் புடிச்சுக்கிட்டு நின்னேன்" என்றார் சுந்தரம். "நம்ம ரகு கையால வச்ச பொட்டு, இந்த வண்டிய நாம நல்லா ஓட்டுவோம்னு நினைச்சுக்கிட்டேன்."

சட்டையைப் போட்டுப் பொத்தான்களை நிதானமாக மாட்டினார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். கல் மேசைக்குப் பக்கத்தில் ரகுபதி வெகு நேரம் நின்றுகொண்டிருந்தான்.